ஓம உப்பும் ஒரு நற்சான்றும்

புகழ்ந்து எழுதுதல் எளிது; கண்டதைக் கண்டவாறே எழுதுதல் அரிது. இவ்வுண்மையை யாம் கற்றது வகுப்பறையில் அன்று. ஆவடிக்கு மேற்கே பட்டாபிராமில், எம் மாமா வீட்டுக் கொல்லையில், புங்க மரத்து நிழலில் நிற்கும் ஆறு தேனீப் பெட்டிகளே எமக்கு அதனைக் கற்பித்த ஆசிரியர்கள். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன் ஒருவன் தேனீயைப் பற்றி எழுதப் புகுந்தால், பழஞ்செய்யுட்களில் வரும் தும்பியையும் வண்டையும் தொகுத்துத் தருவான் என்றே இம்மலரைப் படிப்போர் எதிர்பார்ப்பர். அத்தகைய தொகுப்பு இக்கட்டுரையில் இல்லை. யாம் செய்த ஒரு பிழையையும், அதனைத் திருத்திக்கொண்ட வகையையுமே ஈண்டு எழுதுகின்றோம்.

எம் தாய்வழி முன்னோர் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைச் சார்ந்தவர். தேனீ வளர்ப்பில் அவ்வூர் பெற்றுள்ள பெயர் யாவரும் அறிந்ததே. 1920களில் அங்குக் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப் புனருத்தாரணப் பணியை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், ஏழைக் குடியானவர்க்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அதற்கு முன்னரே, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைக் குருவாகிய நியூட்டன் அடிகளார், நம் நாட்டுச் சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு மரப்பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை கிராம மக்களுக்குப் பயிற்சி அளித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எம் பாட்டனாரிடமும் அத்தகைய பெட்டிகள் பல இருந்தனவாம். அவை என்னாயின என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

மாமா இளமையிலேயே தொழிற்சாலை வேலைக்காக ஆவடிக்கு வந்தவர். வேலையினின்றும் ஓய்வு பெற்றபின், தந்தையின் தொழில் அவருக்கு நினைவு வந்தது. பூவிருந்தவல்லி என்று பூவைப் பெயரிலேயே தாங்கிய பூந்தமல்லி முதல் அம்பத்தூர் வரையிலும் இந்நாளில் ஆலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்பது மெய்யே. ஆயினும் வீதியோரத்துப் புங்கும் வேம்பும், கொல்லை முருங்கையும் தென்னையும் தேனீயைப் பட்டினி போடுவதில்லை. மாமாவின் பெட்டிகளுள் இரண்டில் நம் நாட்டுத் தேனீயும், நான்கில் இத்தாலியத் தேனீயும் வாழ்கின்றன. இப்பின்னைய தேனீ நம் நாட்டிற்கு வந்தேறியது. 1962ஆம் ஆண்டில் இமயச் சாரலிலுள்ள நக்ரோட்டா என்னும் ஊரில் முதன்முதல் வெற்றியுடன் நிலைநிறுத்தப்பட்டது. மிகுதியாகத் தேன் தருவது. மிகுதியாகக் கவலையும் தருவது.

அக்கவலையின் பெயர் வரோவா. கடுகளவே உள்ள, செம்பழுப்பு நிறமுடைய ஓர் உண்ணி அது. வேளாண்மையைப் பற்றியும் தேனீயைப் பற்றியும் எழுதிய வாரோ என்னும் உரோமானிய அறிஞரின் பெயரை விலங்கியலார் இதற்கு இட்டனர். அவர் இலத்தீன் மொழியின் இயல்பைப் பற்றியும் ஒரு நூல் செய்தவர். மொழிநூற் புலவர் ஒருவர்க்கு இப்படியும் ஒரு நினைவுச் சின்னம் வாய்க்குமோ என்று எம் வகுப்புத் தோழர் நகைத்தனர். 1904ஆம் ஆண்டில் சாவகத் தீவினின்றும் கிடைத்து விவரிக்கப்பட்ட இனமே உலகெங்கும் தேனீயைக் கெடுப்பது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இத்தாலியத் தேனீயை அழிப்பது வேறோர் இனம் என்பது 2000ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. அதற்கு 'அழிப்பது' என்று பொருள்படும் பெயரையே சூட்டினர்.

தாய் உண்ணி, தேனீயின் புழு வளரும் அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன்னர் அதனுள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளும். மூடிய அறைக்குள் முட்டையிடும்; குஞ்சுகள் வளரும் தேனீயை உண்டு பெருகும். பன்னிரண்டு நாட்கள் சென்று அத்தேனீ மூடியை உடைத்து வெளிவரும்போது, தாயும் முதிர்ந்த பெண் குஞ்சுகளும் உடன் வெளிவரும். இறகு சுருங்கிப் பறக்கவியலாது தரையில் ஊர்ந்து திரியும் தேனீக்களைக் கண்டால், உண்ணியும் அது பரப்பும் வைரஸும் அக்கூட்டில் மிகுந்துவிட்டன என்று அறியலாம். நம் நாட்டுத் தேனீயோ பல்லாயிரம் ஆண்டுகளாக உண்ணியோடு பழகியது. அது தன் மேலும் தன் தோழர் மேலும் ஒட்டிய உண்ணியைக் காலாலும் வாயாலும் பற்றி அகற்றும். உண்ணியும் அதன் கூட்டில் பெரும்பாலும் ஆண் தேனீயின் அறைகளில் மட்டுமே பெருகும். ஆகவே அங்குப் பகை உண்டு, அழிவு இல்லை. வந்தேறிய தேனீக்கு இவ்வித்தை நன்கு கைவரவில்லை.

சென்ற ஆண்டுப் பங்குனியில் மாமாவின் இத்தாலியப் பெட்டிகள் நான்கிலும் உண்ணி காணப்பட்டது. அச்சமயம் தேனீ வளர்ப்புச் சாமான்கள் விற்கும் ஒருவர், புதிய மருந்து என்று சொல்லிச் சில தட்டுகளைக் கொணர்ந்து இலவசமாகவே தந்தார். களிம்பு போன்ற அம்மருந்தில் இருந்தது ஓம உப்பு. நம் அடுக்களை ஓமத்தின் மணத்திற்குக் காரணமாகிய பொருள் அதுவே. மேனாட்டார் தைமால் என்று கூறி, உண்ணியை ஒழிக்கப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகின்றனர். எனவே பொருள் பழையது. எம் கொல்லைக்குத்தான் புதியது. கொடுத்தவர் வேண்டியது ஒன்றே: பயன் கண்டால், அச்சிட்டுக்கொள்ள ஒரு நற்சான்று எழுதித் தரவேண்டும். மாமா எம்மை நோக்கி, "மக்களே, நீ தமிழ் படிக்கிறவன். நீயே நல்ல நடையில் எழுதிவிடு" என்றார். மருமகனை 'மக்களே' என்று அழைப்பது அவர் ஊர் வழக்கம்.

சித்திரையில் நான்கு பெட்டிகளிலும் மருந்தை வைத்தோம். பெட்டியின் அடியில் கம்பிவலையும், அதன் கீழ் எண்ணெய் தடவிய வெள்ளை அட்டையும் இட்டோம். மறுநாள் அட்டையை உருவியபோது யாம் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒரு பெட்டியின் அட்டையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட உண்ணிகள் விழுந்து கிடந்தன! அன்றிரவே எழுத உட்கார்ந்தோம். இராம பாணம் என்றும், கோலியாத்தை வீழ்த்திய கவண்கல் என்றும், பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது என்றும் இரண்டு பக்கம் நிறைத்தோம். எதுகையும் மோனையும் எம்மைத் தேடி வந்தன. நடுப்பகல் வெயிலில் தேனீக்கள் உள்ளே இருக்கப் பொறாமல், பெட்டி வாயிலில் தாடிபோல் கொத்தாகத் தொங்கியதையும் யாம் கண்டோம். அதனை எழுதவில்லை. எழுதினால் நடையின் ஓட்டம் கெடும் என்று எண்ணினோம். இப்போது நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

அந்நற்சான்றைத் தமிழ்ப் பேராசிரியரிடம் காட்டியிருந்தால் ஒருகால் பாராட்டுப் பெற்றிருப்போம். நல்வினைப் பயனாக விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் முழுதும் படித்து, "நடை நன்றாக இருக்கிறது" என்றார். பின்னர், "மருந்து வைக்காத பெட்டியில் எத்தனை உண்ணி விழுந்தன?" என்று கேட்டார். அத்தகைய பெட்டியே இல்லை என்றோம். "வைப்பதற்கு முந்தின நாள் எத்தனை விழுந்தன?" என்றார். எண்ணவில்லை என்றோம். "அப்படியானால், தம்பி, நீர் எழுதியிருப்பது மருந்தைப் பற்றியன்று, உம் மகிழ்ச்சியைப் பற்றி" என்றார்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். மருந்தில்லாமலே உண்ணிகள் நாள்தோறும் இயல்பாக விழுந்துகொண்டிருக்கும். மூடிய அறைகளினின்றும் இளந்தேனீக்கள் மிகுதியாக வெளிவரும் காலத்தில் அவ்வீழ்ச்சியும் மிகும். ஆகவே வீழ்ந்தவற்றின் தொகை மட்டும் மருந்தின் ஆற்றலைக் காட்டாது. எஞ்சியவை எத்தனை என்பதே கேள்வி. மேலும், ஓம உப்பின் ஆவி மூடிய அறைக்குள் நுழைவதில்லை. அதனாலேதான் அம்மருந்தை நான்கு வாரமேனும் வைத்திருக்க வேண்டியுள்ளது. ஒரு நாள் எண்ணிவிட்டு முடிவு கூறுதல், முதல் அடியை மட்டும் படித்துவிட்டுச் செய்யுளுக்கு உரை கூறுதலை ஒக்கும். குளிர் மிகுந்து 15 பாகைக்குக் கீழே சென்றால் ஆவி எழாது. வெப்பம் 40 பாகையை நெருங்கினால் ஆவி பொங்கி எழுந்து தேனீயையே வருத்தும். சென்னையின் சித்திரையில் அதனை வைத்தது எத்துணைப் பேதைமை என்பதும், வாயிலில் தொங்கிய தாடி எதனைக் கூறிற்று என்பதும் அப்போது எமக்கு விளங்கின.

மருந்திடாத பெட்டியின் பெருமைக்கு அவர் ஒரு வரலாறும் கூறினார். செருமனியின் ஓகன்ஹைம் பல்கலைக்கழகத்தார், உண்ணியின் உயிர்ச்செயலைத் தடுக்குமாறு அமைத்த ஆர்.என்.ஏ. என்னும் பொருளைத் தேனீக்கு ஊட்டிச் சோதித்தனர். உண்ணிகள் மடிந்தன. ஆனால் ஒப்பு நோக்குவதற்காக, உண்ணிக்கு யாதொரு தொடர்புமில்லாத வேறோர் ஆர்.என்.ஏ.யை உண்ட தேனீக்களின் மேலிருந்த உண்ணிகளும் மடிந்தன! முதற்கூட்டத்தை மட்டும் கண்டிருந்தால் வெற்றி முழக்கம் செய்திருப்பர். இரண்டாம் கூட்டம் இருந்தமையால் ஐயுற்று ஆராய்ந்தனர். அப்பொருளைத் தயாரிக்கும்போது சேர்த்த லித்தியம் குளோரைடு என்னும் உப்பே உண்ணியைக் கொன்றது என்று கண்டு, 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒன்றும் செய்யாது என்று வைத்த கூட்டமே உண்மையைச் சொல்லிற்று.

இவற்றைக் கேட்டு வீடு திரும்பி, அடுத்த முறை இரண்டு பெட்டிகளுக்கு மருந்து வைக்கலாகாது என்று மாமாவிடம் கூறினோம். அவர் முகம் சிவந்தது. "மருந்து கையில் இருக்க, வாயில்லாப் பூச்சியைச் சாகவிடச் சொல்கிறாயா? உன் கல்லூரியில் இதுதானா பாடம்?" என்றார். யாம் மறுமொழி அறியாது நின்றோம். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. அன்று முழுதும் எம்முடன் பேசவில்லை.

இரவு உணவிற்குப்பின் அவரே பேச்சைத் தொடங்கினார். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி, நாட்டுத் தேனீக் கூடுகளைக் கணக்கின்றி அழித்தது. எம் பாட்டனாரின் பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. "அப்போது ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மஞ்சள் என்றான் ஒருவன். வேப்பெண்ணெய் என்றான் ஒருவன். அப்பா எல்லாவற்றையும் எல்லாப் பெட்டிக்கும் போட்டார். கடைசியில் ஒரு பெட்டி பிழைத்தது. எதனால் பிழைத்தது என்று சாகும் வரை அவருக்குத் தெரியவில்லை. ஒருவரும் எழுதி வைக்கவில்லை, மக்களே" என்றார். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "சரி, இரண்டு பெட்டியை விட்டு வை. ஆனால் சாகவிடமாட்டேன்" என்றார்.

அச்சொல்லையே விதியாகக் கொண்டோம். மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும், தேன் அறைகளை அகற்றிவிட்டுப் புதிய சோதனையைத் தொடங்கினோம். ஒவ்வொரு பெட்டியினின்றும் ஏறக்குறைய முந்நூறு தேனீக்களை ஒரு கண்ணாடிச் சாடியில் எடுத்து, மாவுச் சர்க்கரையைத் தூவிக் குலுக்கினோம். வலை மூடியின் வழியே உண்ணிகள் சர்க்கரையோடு உதிர்ந்தன; தேனீக்கள் வெள்ளாடை பூண்டு உயிருடன் கூட்டிற்குத் திரும்பின. நூறு தேனீக்கு இரண்டு உண்ணி என்பதே நான்கு பெட்டிகளிலும் ஏறத்தாழ இருந்த நிலை. எந்தப் பெட்டியிலேனும் இத்தொகை ஐந்தைத் தாண்டினால், அன்றே சோதனையை நிறுத்தி மருந்திடுவது என்று முன்னரே எழுதி வைத்தோம்.

எப்பெட்டிக்கு மருந்து, எதற்கு இல்லை என்பதை யாம் தெரிந்தெடுக்கலாகாது என்று பேராசிரியர் எச்சரித்திருந்தார்; வலுவுள்ள கூட்டங்களுக்கே மருந்தைக் கொடுத்து மருந்தைப் புகழ நம் மனம் வழி தேடும். ஆகவே யூதாசின் இடத்திற்கு மத்தியாவை நியமிக்க அப்போஸ்தலர் செய்தவாறே சீட்டுப் போட்டோம். மாமி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். மாமாவின் உள்ளங்கவர்ந்த மூன்றாம் பெட்டி, மருந்தில்லாத பக்கத்தில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைக்குச் சென்றார்.

எறும்பு வந்து உண்ணிகளைத் தூக்கிச் செல்லாதவாறு பெட்டிக் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். அட்டைகளுக்கு இரகசியக் குறியிட்டு, எது எப்பெட்டியினுடையது என்று கூறாமல் மாமியிடம் எண்ணக் கொடுத்தோம். முதல் நாளே மாமி, "இதில் ஓம வாடை அடிக்கிறதே!" என்று சிரித்துவிட்டார். அதன்பின் அட்டைகளைக் காற்றில் நெடுநேரம் ஆறவிட்டே கொடுத்தோம். நான்கு வாரம் நாள்தோறும் விடியற்காலையில் அட்டை மாற்றி, ஆவடியில் இரயில் ஏறி வகுப்பிற்கு வந்தோம். எம் உடையில் ஓமம் மணப்பதைக் கண்டு, வயிற்று நோயோ என்று வினவிய நண்பரும் உளர்.

முடிவு இது. மருந்திட்ட இரண்டு பெட்டிகளிலும் உண்ணி குறைந்தது. நூறு தேனீக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. மருந்திடாத இரண்டில் ஒன்றில் நிலை மாறவில்லை. மூன்றாம் பெட்டியில் நான்காக உயர்ந்தது. அவ்வாரம் முழுதும் மாமா அதன் அருகிலேயே நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். ஆயினும் மருந்திடாத பெட்டிகளின் அட்டைகளிலும் நாள்தோறும் உண்ணிகள் விழுந்திருந்தன என்பதையும், சில நாட்களில் அத்தொகை எம்மைத் திகைக்கச் செய்தது என்பதையும் சொல்லவேண்டும். சித்திரையில் யாம் கண்டு கூத்தாடிய நூற்றில், மருந்திற்கு உரிய பங்கு எவ்வளவு, இயல்பிற்கு உரிய பங்கு எவ்வளவு என்பதை இனி எவராலும் கூறவியலாது. மேலும், மருந்திட்ட பெட்டிகளுள் ஒன்றில் இராணித் தேனீ ஒரு வாரத்திற்கு மேல் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டது. பணித் தேனீக்கள் சில புழுக்களை இழுத்து வெளியே எறிந்தன.

நான்கு வாரம் முடிந்ததும் நான்கு பெட்டிகளுக்கும் எறும்பமிலம் என்னும் வேறொரு மருந்தை இட்டோம். அதன் ஆவி மூடிய அறைக்குள்ளும் புகவல்லது. மனிதர் கண்ணையும் மூச்சையும் கெடுக்கவும் வல்லதாதலின், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பேராசிரியர் வகுத்த அளவையே கையாண்டோம். எஞ்சிய உண்ணிகளை எண்ணுதலும், விட்டு வைத்த இரு கூட்டங்களைக் காத்தலும் அதனால் ஒருங்கே நிறைவேறின. மருந்திடாத பெட்டிகளில் மிகுதியாகவும், ஓம உப்பிட்ட பெட்டிகளில் சிலவாகவும் விழுந்தன. சிலவே எனினும், ஒன்றுமில்லை என்று கூறுதற்கில்லை. மூன்றாம் பெட்டி பிழைத்தது.

இவற்றை வைத்துக்கொண்டு இரண்டாம் நற்சான்றை எழுதினோம். அது ஐந்தே வாக்கியம். இம்மருந்து தை மாதக் குளிரில் எம் இரண்டு பெட்டிகளில் உண்ணியைக் குறைத்தது, முற்றும் ஒழிக்கவில்லை. ஒரு பெட்டியில் முட்டையிடுதல் சில நாள் குறைந்தது. கோடையில் வைத்தபோது தேனீக்கள் வெளியே வந்து தொங்கின. நான்கு பெட்டிகளைக் கொண்டு நாட்டிற்கெல்லாம் தீர்ப்புக் கூறுதல் தகாது. இவ்வளவே யாம் கண்டது. எதுகை ஒன்றேனும் வாராத அவ்வைந்து வாக்கியங்களை எழுத எமக்கு மூன்று நாட்கள் ஆயின. முதல் நற்சான்றின் இரண்டு பக்கமும் ஒரே இரவில் எழுதியவை.

மருந்து தந்தவர் வந்து அதனைப் படித்தார்; மரியாதையாக நன்றி கூறி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதுவரை அது அச்சேறியதாகத் தெரியவில்லை. மாமாவோ அதன் படி ஒன்றைத் தம் தேனீக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். அதன் கீழே, "அப்பாவிடம் இப்படி ஒரு தாள் இருந்திருக்கலாம்" என்று பென்சிலால் எழுதியிருப்பதை அண்மையில் கண்டோம்.

இறையனார் பெயரால் வழங்கும் குறுந்தொகை இரண்டாம் செய்யுளைத் தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிவர். தலைவன் தும்பியை விளித்து, தன் மனத்திற்கு உகந்ததைக் கூறாமல், அது கண்டறிந்ததையே கூறுமாறு கேட்கின்றான். பரீட்சைக்காக அச்செய்யுளின் துறையையும் மெய்ப்பாட்டையும் பலகால் எழுதியுள்ளோம். அதன் வேண்டுகோள் தும்பிக்கு மட்டும் உரியதன்று என்பதை, எண்ணெய் தடவிய அட்டையின் மேல் குனிந்து கடுகளவு உண்ணிகளை எண்ணிய காலைப்பொழுதுகளிலேதான் உணர்ந்தோம். தோழரே, மொழி வளம் பெற்ற நம்மிடம் நாளை பலரும் நற்சான்று கேட்டு வருவர். எழுதுகோலை எடுக்கும் முன், மருந்து வைக்காத பெட்டி எங்கே என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.